குருளையர் அணியும் கிராமக் கூட்டுறவுச் சங்கமும்

(சங்க அங்கத்தினர் கூட்டங்களில் வாசித்தற்குரிய சொற்பொழிவு)



வேலூருக்கு மேற்கே பாலாற்றங்கரைக் கிராமங்களில், மாலை நான்கு மணிக்கு ஆரம்பப் பாடசாலையின் மணி அடித்த பின்னர் நிகழ்வதைப் பெரியோர் எவரும் நின்று கவனிப்பதில்லை. ஆம்பூர்ப் பக்கத்துக் கிராமமாயின், குழந்தையின் தாய் காலணித் தொழிற்சாலையிலிருந்து இன்னும் திரும்பியிருக்க மாட்டாள். வீடு பூட்டியிருக்கும், சாவி அடுத்த வீட்டில் இருக்கும். பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கமாயின் தாய் வீட்டிலேயே இருப்பாள்; ஆனால் அவள் மடியில் பீடி முறம் இருக்கும். பையை மூலையில் வைத்த குழந்தை நூல் கட்டுவதற்கோ முனை மடிப்பதற்கோ அம்முறத்தின் எதிரே உட்காரும். முதற் குழந்தைக்கு அந்த இரண்டு மணி நேரம் கேட்பாரற்ற நேரம். இரண்டாம் குழந்தைக்கு அது கூலி நேரம். இருவரில் எவருக்கும் அது சொந்த நேரமாய் இல்லை.

அந்த நேரத்தில் வாரத்துக்கு ஒரு மாலையையேனும் குழந்தைக்கே மீட்டுக் கொடுக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. அது சாரணர் இயக்கத்தின் இளம் பகுதியாகிய குருளையர் அணி. பெண் குழந்தைகளுக்கு நீலப்பறவையர் அணி. ஐந்து வயது முதல் பத்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு, அதாவது ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு, ஏற்பட்டது இது. இதில் கூட்டுறவுச் சங்கத்துக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். அவ்வினாவுக்கு விடை கூறுதலே இச்சொற்பொழிவின் நோக்கம்.

சாரணர் இயக்கம் வெளிநாட்டுச் சரக்கு என்றும், பட்டணத்துப் பள்ளிகளுக்கே உரிய அலங்காரம் என்றும் கருதுவோர் உளர். அதன் சரித்திரத்தைச் சிறிது நோக்கின் இவ்வெண்ணம் மாறும். பேடன் பவல் என்னும் ஆங்கிலேயத் தளபதி 1907-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் பிரௌன்சீ என்ற சிறு தீவில் 20 சிறுவரைக் கூட்டி முகாம் நடத்தினார். அவர்களுள் உயர்தரப் பள்ளிகளில் பயின்ற செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தனர்; தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தனர். இருசாராரையும் கலந்தே நான்கு அணிகளாக வகுத்தார். வேலூர் வட்டாரத்துக்கு மிகவும் வேண்டுவது இக்கலப்பே என்பது பின்னர் கூறப்படும்.

இந்தியாவில் முதற் சாரணர் படை 1909-ல் பெங்களூரில் தோன்றிற்று. ஆனால் அது ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதாயிருந்தது. இந்தியச் சிறுவர் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். சிறுவரை அணியாகத் திரட்டிப் பழக்கினால் நாளை அவர்கள் எதற்குத் திரளுவார்களோ என்ற அச்சம் ஆட்சியாளருக்கு இருந்தது. அதைக் கண்டு நம்மவர் வாளாவிருக்கவில்லை. ஸ்ரீராம் பாஜ்பாய் 1913-லேயே ஷாஜஹான்பூரில் இந்தியச் சிறுவர்க்குத் தனியே ஒரு படை அமைத்தார். சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார், அருண்டேல் துரையின் துணையுடன் 1916-ல் இந்தியச் சாரணர் சங்கத்தை ஏற்படுத்தினார். அதன் பிள்ளைகள் தொப்பிக்குப் பதிலாகத் தலைப்பாகை அணிந்தனர். வடக்கே பண்டித மதன்மோகன் மாளவியாவும் ஹிருதயநாத் குன்ஸ்ருவும் ஸேவா ஸமிதிச் சாரணர் சங்கத்தை வளர்த்தனர். 1921-ல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தபோது பெசன்ட் அம்மையாரின் சங்கம் பொது இயக்கத்தோடு இணைந்தது. சுதந்திரத்துக்குப் பின், 1950-ஆம் வருஷம் நவம்பர் 7-ஆம் தேதி, பிரிந்து கிடந்த சங்கங்கள் பாரத சாரணர் என்னும் ஒரே ஸ்தாபனமாயின. 1951-ல் சாரணியரும் அதனோடு சேர்ந்தனர்.

சிறு பிள்ளைகளுக்கென்று தனி அணி ஏற்பட்ட கதையும் இதே 1916-ஐச் சேர்ந்தது. இங்கிலாந்தில் அண்ணன்மார் சாரணர் கூட்டத்துக்குப் போகும்போது தம்பிமார் பின்தொடர்ந்து சென்று வாசலில் நின்றனர். விரட்டினாலும் போகவில்லை. பேடன் பவல் அவர்களுக்காக ஓநாய்க் குட்டிகள் என்ற அணியை அமைத்தார். அதனை உருவாக்குவதில் வீரா பார்க்லே என்னும் பெண்மணி பெரிதும் துணை நின்றார். சிறு பிள்ளைகளை நடத்துவதற்குப் பெண்களே மிகப் பொருத்தமானவர் என்பது அன்றே விளங்கிற்று. பம்பாயில் பிறந்த கிப்ளிங், நமது மத்திய மாகாணத்துச் சியோனிக் காட்டை நிலைக்களனாக வைத்து எழுதிய கதைகளிலிருந்தே அணியின் விளையாட்டுகளும் பெயர்களும் எடுக்கப்பட்டன. ஆகவே இதை முற்றிலும் அயல்நாட்டுச் சரக்கென்று தள்ளுவதற்கில்லை. ‘குருளை’ என்பதோ, தொல்காப்பியர் மரபியலில் விலங்கின் இளமைப் பெயர்களுள் ஒன்றாக எண்ணிய பழஞ்சொல்.

ஆக, ஓரிடத்தில் தம்பிமாரும் மற்றோரிடத்தில் இந்தியப் பிள்ளைகளும் வாசலில் நின்றமையால் விளைந்தவை இவ்வேற்பாடுகள். இன்று தோல் தொழில் வட்டாரத்தில் வாசலில் நிற்பவர் யார் என்பதே அங்கத்தினர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய விஷயம். சீருடை வாங்க இயலாத குழந்தையே அவ்வாறு நிற்கின்றது. சில ஊர்களில் குடியரசு தினத்தன்று கொடியேற்றும்போது காலுறையும் காலணியும் கழுத்துக்குட்டையுமாக இருபது பிள்ளைகள் வரிசையில் நிற்கக் காணலாம். மற்றப் பிள்ளைகள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்ப்பர். உலகத்துக்கெல்லாம் காலணி தைத்தனுப்பும் ஆம்பூர்ப் பக்கத்தில், அக்காலணி தைப்பவளின் குழந்தை காலணி இல்லாமையால் அணியில் சேராமற் போவது வேடிக்கையாகச் சொல்லத்தக்கதன்று.

உண்மையில் அணியின் விதி இவ்வளவு கடுமையானதன்று. புதிதாகச் சேரும் குழந்தை சில வாரங்கள் வெறும் புதியவனாகவே இருக்கிறான். வாக்குறுதி ஏற்கும் நாள் வரையில் சீருடை வேண்டுவதில்லை. அவ்வாக்குறுதியும் எளிது. கடவுளுக்கும் நாட்டுக்கும் தன்னால் இயன்றவரை கடமையாற்றுவதும், அணியின் விதிக்கு அடங்கி நடப்பதும், நாள்தோறும் ஒரு நற்செயல் புரிவதுமே அதன் சாரம். ‘இயன்றவரை’ என்ற சொல்லே குருளையரின் குறிக்கோள். ஆறு வயதுக் குழந்தையிடம் அதற்கு மேல் கேட்பது நியாயமும் அன்று.

அணி நடக்கும் விதத்தைச் சிறிது விரித்துரைப்பது அவசியம். ஏனெனில் இது படைப்பயிற்சி என்றே பெரும்பாலோர் நினைக்கின்றனர். ஒரு தலைவரின் கீழ் 24 பேருக்கு மிகாமல் சேர்க்க வேண்டும். அவர்கள் ஆறு ஆறு பேராகப் பிரிந்து, ஒவ்வோர் ஆறுக்கும் ஒரு பிள்ளை முதல்வனாவான். கூடும்போது வரிசையாக நிற்பதில்லை, வட்டமாக நிற்பர். வட்டத்தில் முதலிடமும் இல்லை, கடையிடமும் இல்லை. பின்னர் ஓட்டம், கதை, பாட்டு, கைவேலை. பந்தை எறிந்து பிடித்தல், கயிறு தாண்டுதல், கோட்டின்மேல் தடுமாறாமல் நடத்தல், கடிகாரம் பார்த்து மணி சொல்லுதல், நகமும் பல்லும் சுத்தமாக வைத்தல் ஆகியவை ஆரம்பத் தேர்வுகள். இரண்டு கயிற்று நுனிகளை நழுவாமல் இணைக்கும் முடிச்சைக் குழந்தை கற்கிறது; தோல் கட்டுகளைத் தூக்கிச் சுமக்கும் தகப்பனிடம் அதைச் செய்து காட்டும்போது இருவருக்கும் பெருமை. வெட்டுக் காயத்தைக் கழுவித் துணி சுற்றவும் கற்கிறது. சுண்ணாம்பும் உப்பும் ரசாயனமும் புழங்கும் தொழில் உள்ள வீடுகளில், புண்ணின்மேல் மண்ணையும் காப்பித் தூளையும் அப்பக் கூடாதென்று அறிந்த ஒரு குழந்தை இருப்பது சிறு லாபமன்று. இவ்வாறு நான்கு படிகள் ஏறி, ஐந்தாவதாகத் ‘தங்க அம்பு’ என்னும் விருதைப் பெறும் தகுதி அடையலாம்.

நற்செயலைப் பற்றி ஒரு வழக்கம் உண்டு. காலையில் கழுத்துக்குட்டையின் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வர். அன்றைய நற்செயல் முடிந்தாலன்றி அதனை அவிழ்ப்பதில்லை. பாட்டிக்குக் கண்ணாடி தேடிக் கொடுத்தாலும் போதும். இது சிறுபிள்ளைத்தனம் என்று நகைப்பவர்கள், தவணைத் தேதியை மறவாமல் இருப்பதற்குத் தாங்கள் செய்துகொள்ளும் ஏற்பாடு என்னவென்று எண்ணிப் பார்க்கலாம்.

இனி, பீடி முறத்தின் எதிரே இருக்கும் தாயின் கேள்விக்கு வருவோம். “இவன் எழுந்து போய்விட்டால் நூல் கட்டுவது யாருங்க ஐயா?” என்று அவள் கேட்பாள். இக்கேள்வியை அலட்சியம் செய்பவர் எவரும் அவ்வீட்டுக் குழந்தையை அணிக்குக் கொண்டுவர இயலாது. 1986-ஆம் வருஷத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடித் தொழிலில் குழந்தைகளை வைக்கலாகாதென்று தடுத்தது. ஆனால் குடும்பத்தார் தம் வீட்டிலேயே செய்யும் வேலைக்கு அதில் விலக்கு இருந்தது. அவ்விலக்கின் நிழலில் வட ஆற்காட்டில் எத்தனையோ பிள்ளைகள் முறத்தின் முன் வளர்ந்தனர். முன்பணம் வாங்கியதன் பொருட்டு ஈடாக விடப்பட்ட பிள்ளைகளும் இருந்தனர் என்பது 1990-களில் வெளிவந்த விசாரணைகளால் உலகறிந்தது. 2016-ல் சட்டம் திருத்தப்பட்டுப் பதினான்கு வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாதென்று ஆயிற்று. ஆயினும் சட்டம் வாசற்படி வரைதான் வரும். முன்பணத்தின் தேவையை ஒழிப்பது கடன் சங்கத்தின் வேலை. அம்முன்பணம் எதற்காக வாங்கப்பட்டது? பெரும்பாலும் வைத்தியச் செலவுக்கும் கலியாணச் செலவுக்குமே. சமயத்தில் சங்கம் நியாயமான வட்டிக்குச் சிறுகடன் கொடுத்திருந்தால், அத்தாய்க்கு வாரம் ஒரு மாலை குழந்தையை விடுவது கடினமாக இராது. அணியை ஆதரிப்பதும், அங்கத்தினரல்லாத பீடித் தொழிலாளர் வீட்டாரை அங்கத்தினராக்குவதும் ஆகிய இரண்டும் ஒரே காரியத்தின் இரு கைகள். ஒன்றை விட்டு மற்றொன்றைச் செய்தால் பயன் பாதியே.

சங்கத்துக்கு இதில் சுயநலமும் உண்டு. தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதுமோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்றென்று, வேலூரிலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் கண்ட கணக்கைச் சுப்ரீம் கோர்ட்டு 1996-ஆம் வருஷம் ஆகஸ்டு 28-ஆம் தேதித் தீர்ப்பில் எடுத்துக் காட்டியது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. கெடுத்தவனே சீர்படுத்தும் செலவை ஏற்க வேண்டுமென்ற கொள்கை அத்தீர்ப்பால் இந்நாட்டில் வேரூன்றிற்று. ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் கொண்டு பதனிட்ட காலம் போய்க் குரோமிய உப்புப் புகுந்த பின், கிணறுகள் எவ்வாறாயின என்பதை அங்கத்தினர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. கரும்புக்கும் நெல்லுக்கும் கடன் வாங்கிய குடும்பங்கள் நிலத்தை விட்டுத் தொழிற்சாலை வாயிலுக்குப் போயின. சங்கத்தின் பேரேட்டில் பழைய பெயர்கள் குறைந்தன. நாளைய அங்கத்தினர் இப்போது ஆறு வயதினர். கணக்கும் வாக்கும் கூடிவாழ்தலும் அவர்கள் எங்கே பழகப் போகிறார்கள்? ராச்டேலில் 1844-ல் கடை வைத்த முன்னோடிகள், பின்னர் லாபத்தில் நூற்றுக்கு இரண்டரையைக் கல்விக்கென்று ஒதுக்கியது இது கருதியே.

பணத்துக்கு வழி என்ன? 1912-ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு இதற்கு அன்றே இடம் வைத்தது. நிகர லாபத்தில் நாலில் ஒரு பங்கை ரிசர்வ் நிதிக்குச் சேர்த்த பின், எஞ்சியதில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாத தொகையை, ரிஜிஸ்திராரின் அனுமதியுடன் தர்ம காரியங்களுக்குக் கொடுக்கலாம் என்பது அப்பிரிவு. கல்வியும் ஏழைகளின் துயர் நீக்கலும் தர்ம காரியங்களே என்று 1890-ஆம் வருஷத்துச் சட்டம் வகுத்திருந்தது. உதாரணமாக நிகர லாபம் 40,000 ரூபாயாயின், ரிசர்வ் நிதிக்கு 10,000 போக, மீதி 30,000-ல் பத்தில் ஒன்று 3,000 ரூபாய். பின்னர் 1932, 1961, 1983 ஆகிய வருஷங்களில் இம்மாகாணத்துக்கெனத் தனிச் சட்டங்கள் ஏற்பட்டன; ஆகவே இன்று ஒதுக்கத்தக்க தொகையைத் தம் சங்கத்தின் துணைவிதிகளையும் நடப்புச் சட்டத்தையும் பார்த்தே நிர்வாகக் குழுவினர் நிச்சயிக்க வேண்டும். நஷ்டத்தில் நடக்கும் சங்கம் இதில் காசு செலவிடலாகாது. அதனிடம் கட்டடத் திண்ணை இருக்கிறது. அதைக் கொடுத்தாற் போதும்.

பணம் இருப்பின் அதைச் சீருடையில் இடுக. ஆனால் பிள்ளைகளுக்குத் தானமாகக் கொடுக்க வேண்டுவதில்லை. சங்கத்தின் சொத்தாக 24 சட்டைகளும் கழுத்துக்குட்டைகளும் அலமாரியில் இருக்கட்டும். குடியாத்தத்துக் கைத்தறி நெசவாளர் சங்கங்களிலேயே துணி எடுக்கலாம். ஒரு சங்கத்தின் பணம் மற்றொரு சங்கத்துக்குப் போவதில் தவறில்லை. அணிக்கு வருபவர் வாங்கி உடுத்தித் துவைத்துத் திருப்பி வைப்பர். செல்வர் வீட்டுப் பிள்ளையும் அலமாரிச் சட்டையையே உடுத்த வேண்டும். இதில் விலக்களித்தால் ஒரு மாதத்தில் பழைய வேலியோரம் திரும்பிவிடும். காலணி கட்டாயமன்று என்று உள்ளூர் அளவில் முதலிலேயே தீர்மானித்துவிடுதல் நலம்.

ஆறு பேரைச் சேர்க்கும் முறையில் கவனம் தேவை. ஊர்த்தெரு, காலனி, முஸ்லிம் தெரு என்று தெருவாரியாகப் பிரிப்பது எளிது; அது அணியைக் கெடுப்பதற்கும் எளிய வழி. தோலைத் தொடுபவன் வீட்டுப் பிள்ளையின் கையைப் பிடிக்க மற்றவன் தயங்கும் ஊர்கள் இன்னும் உண்டு. வட்டத்தில் நிற்பவர் இருபுறமும் கைகோத்தாக வேண்டும். தமிழும் உருதும் தெலுங்கும் வீட்டு மொழிகளாயுள்ள ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் ஒவ்வோர் ஆறிலும் மும்மொழிப் பிள்ளைகளும் இருப்பின், விளையாட்டே அவர்களுக்கு மொழியாசிரியன். முதல்வன் பதவியும் ஒரே வீட்டில் தங்கலாகாது. சங்கத் தலைவரின் பேரன் என்பது அதற்குத் தகுதியாகாது.

செய்யத் தகாதவற்றையும் சொல்லியாக வேண்டும். பிரமுகர் வருகைக்காகப் பிள்ளைகளை வெயிலில் சாலையோரம் நிறுத்தலாகாது. கலியாண வீட்டில் தண்ணீர் சுமக்க விடலாகாது. கழிவு நீர் ஓடைகளைச் சுத்தம் செய்வது அவர்கள் வேலையன்று. அது கெடுத்தவர் வேலையென்று கோர்ட்டே சொல்லிவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் பாலாற்று மணலில் முகாம் கூடாது. வறண்ட ஆறு என்று நம்பியிருந்த வாணியம்பாடி 1903-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் வெள்ளத்துக்கு இரையாயிற்று. சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையைக் கடந்து வர வேண்டிய பிள்ளைகளை ஒரு பெரியவர் கைப்பிடித்துக் கடத்திவிட வேண்டும். எப்போதும் பெரியவர் இருவர் உடனிருக்க வேண்டும். எவ்வளவு நல்லவராயினும் ஒருவர் மட்டும் தனியே பிள்ளைகளுடன் இருத்தல் கூடாது. அவ்விருவரில் ஒருவர் பெண்ணாயிருத்தல் மிகவும் விரும்பத்தக்கது. குழந்தைகளுக்கு ஏற்ற பணிகளுக்குக் குறைவில்லை. பள்ளிக் குடிநீர்க் குடத்துக்கு மூடி இடுதல், தெருவில் மழைநீர் தேங்கும் தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்தல், நட்ட மரக்கன்றுக்கு ஊற்றுதல் முதலியவை போதும்.

இவ்வளவும் சங்கமே செய்ய வேண்டுமா, சர்க்கார் உத்தரவிட்டால் போதாதா என்பார்க்குப் பஞ்சாப் மாகாணத்தின் கூர்காவ் ஜில்லா விடை கூறும். 1920-களில் அங்கே ஜில்லா அதிகாரியாயிருந்த பிரேன் துரை கிராமப் புனருத்தாரணத்தை மிக்க ஊக்கத்துடன் நடத்தினார். கிராமப் பொருளாதாரப் பள்ளியொன்றை நிறுவி உபாத்தியாயர்களுக்கு விவசாயம், சுகாதாரம், கூட்டுறவு ஆகியவற்றோடு சாரணர் பயிற்சியும் அளித்தார். ஜில்லா முழுதும் பெயர் பரவிற்று. அவர் மாற்றலாகிப் போன பின் வேலையின் பெரும்பகுதி தளர்ந்துவிட்டது. அதிகாரியின் ஆர்வம் அதிகாரியோடு போகும். உபாத்தியாயரும் மாற்றலாவார். ஊரில் இருப்பவர் அங்கத்தினரே.

தொடங்குவதற்கு வேண்டுவன சிலவே. தலைமை ஆசிரியரின் சம்மதமும், அணித் தலைவராகப் பயிற்சி பெற முன்வரும் ஓர் ஆசிரியையும் கிடைத்தால், ஜில்லா சாரணர் சங்கத்துக்கு எழுதிப் பயிற்சிக்கும் பதிவுக்கும் ஏற்பாடு செய்யலாம். பதிவாகும் வரையில் பன்னிரண்டு பிள்ளைகளைக் கொண்டு கதையும் விளையாட்டுமாக நடத்தி வரலாம். நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்தில் மூன்று விஷயங்களைத் தீர்மானமாக்கினால் போதும்: சங்கக் கட்டடத்தின் திண்ணையை வாரம் ஒரு மாலை நாலரை முதல் ஆறு மணி வரை அணிக்கு விடுவது, சீருடை அலமாரிக்கு ஒதுக்கத்தக்க தொகை, அலமாரியின் சாவி யாரிடம் இருப்பது. சட்டைகளின் வரவு செலவு நோட்டை முதல்வர்களே மாறிமாறி எழுதட்டும். எழுத்துப் பிழைகளைக் காரியதரிசி திருத்தலாம். கணக்கை அவர் எழுதிக் கொடுக்கலாகாது.